அம்மா தைத்த ஞானஸ்நானச் சட்டைக்காக சுங்கை சிப்புட் வரை

கடந்த ஆகஸ்டில் சுங்கை சிப்புட்டுக்குப் போனது ஒரு குழந்தைச் சட்டைக்காக. மெல்பர்னில் இருக்கும் என் மகள் ஷாரனுக்கு மே மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தின்போது தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் தன் மகனுக்கும் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மா தன் கல்யாணச் சேலையை வெட்டி, கையால் தைத்த சட்டை அது. நானும் என் இரு தங்கைகளும் அதைப் போட்டோம், பிறகு ஷாரன். அம்மா இறந்ததிலிருந்து இந்த ஆறு வருடமாக அது கிரேஸ் அக்காவிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பச் சொன்னேன்.

"அதெல்லாம் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்க தம்பி," என்று போனை வைத்துவிட்டார்.

கிள்ளானிலிருந்து விடியுமுன் கிளம்பி, கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏழு மணி மின்ரயிலைப் பிடித்தேன். ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம், நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். இடப்பக்க சன்னல், வலப்பக்க சன்னல் என்று கவலை வேண்டாம், பத்து காஜா ஊரைத் தாண்டினால் எந்தப் பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள்தான். ஈப்போ நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பி குடித்துவிட்டு டாக்சி எடுத்தேன். ஓட்டுநர் குமாருக்கு நாற்பது வயதிருக்கும். சுங்கை சிப்புட் இருபத்தெட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், நாற்பத்தைந்து வெள்ளி.

எழுபது வயது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். காலில் கேன்வாஸ் சப்பாத்து, கையில் குடை. "சட்டை பத்திரமா இருக்கு. மொதல்ல தோட்டத்துக்குப் போலாம்," என்று என்னைக் கேட்காமலே காரில் ஏறினார்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டர். "உள்ள ரோடு மோசம் லா அண்ணே, மெதுவாத்தான் போக முடியும்," என்றார் குமார். காத்திருப்பையும் சேர்த்து இன்னொரு எண்பது வெள்ளி பேசினோம்.

வழியில்தான் அக்கா சொன்னார். "உனக்கு முந்தி ஒருத்தன் இருந்தான் தம்பி. தானியேல். அந்தச் சட்டை அவனுக்குத் தைச்சது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறுபத்துமூன்று வயதுவரை நான்தான் வீட்டின் மூத்த ஆண்பிள்ளை என்று நினைத்திருந்தவன்.

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம்னு இருந்துச்சு. வெள்ளிக்கெழம காய்ச்சல்ல போயிட்டான். இருபத்து நாலு நாளு. எனக்கு அப்ப அஞ்சு வயசு."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"அம்மா வேணாம்னாங்க. செத்த பிள்ளைக்குத் தைச்சதுன்னு தெரிஞ்சா நீங்க உங்க பிள்ளைங்களுக்குப் போட மாட்டீங்கன்னு பயம்." பிறகு, "தனியா வர எனக்கு மனசு வரல. அதான் உன்னைய கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்," என்றார்.

அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டார்தான். நான் வேலை என்றேன், பிறகு முழங்கால் வலி என்றேன்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கப் பெரியவர்கள் அன்று ஒத்துக்கொள்ளவில்லையாம். ஓடைப் பக்கம், ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள். அம்மா அந்த வரிசையையே கேட்டு வாங்கி, இருபது வருடம் அங்கேதான் பால் வெட்டியிருக்கிறார்.

வாயிலில் காவலர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இருந்த இடம் முழுக்க இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. எங்கள் சிற்றாலயத்தில் மிச்சம் மூன்று சிமெண்டுப் படிகள். அங்கிருந்து அக்கா ஓடைப் பக்கமாக நடந்தார். இளங்கன்றுகள், மட்டை தரைவரை தாழ்ந்து கிடந்தது, முள் வேறு. குமார் முன்னால் போய் மட்டைகளை விலக்கிப் பிடித்தார்.

"இங்கதான்," என்றார் அக்கா. பிறகு, "இல்ல, அந்தப் பக்கமோ." நாற்பது நிமிடம் தேடினோம். கிடைக்கவில்லை. அக்கா குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்று ஜெபித்தார்.

"ஆண்டவரே, எங்களுக்கு எடம் தெரியல. உமக்குத் தெரியும். அவன அம்மா கையில குடுத்திருப்பீருன்னு நம்புறோம்."

தேவனுக்கு ஆயிரம் வருடமும் ஒரு நாளும் ஒன்று என்று எத்தனையோ துக்க வீடுகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. தானியேல் எனக்கு அண்ணன், ஆனால் என் பேரனைவிடச் சின்னவன். உயிர்த்தெழும் நாளில் அவனை எந்த வயதில் பார்ப்பேன், அவனுக்கு என்னைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். இருக்கிறான் என்றே தெரியாத ஒருவனுக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று அதுவரை நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தலையணை உறைக்குள்ளிருந்து சட்டையை எடுத்தார். ஓரத்தில் ரப்பர் பால் பட்டுக் காய்ந்த பழுப்புக் கறை. ஷாரனைக் கைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இனி இதைத் தன் மகனுக்குப் போடுவாளா என்று அக்காவின் முகம் இறுகியிருந்தது.

"அப்பா, சட்டை அங்கேயே இருக்கட்டும்," என்றாள் ஷாரன். அக்கா சட்டையை மெதுவாக மடியில் வைத்தார். "நாங்க டிசம்பர்ல வாரோம். ஞானஸ்நானத்த அங்க வச்சுக்கலாம். அத்தைதான் பிள்ளையத் தூக்கணும்."

"எனக்குக் கை நடுங்கும்மா."

"உக்காந்துக்கிட்டே தூக்குங்க அத்தை."

அக்கா அழுதார், சிரித்துக்கொண்டே.

பழைய தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் உள்ளே போய்விடுங்கள். முழுக்கால் சட்டை, மூடிய சப்பாத்து, இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். உள்ளே கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது, அதனால் டாக்சியைத் திருப்பி அனுப்பாதீர்கள். முக்கியமாக, தள்ளிப்போடாதீர்கள். அட்டையைத் திருப்பித் தரும்போது காவலர் சொன்னார், ஓடைப் பக்கத்துப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து நான்கு வருடம்தான் ஆகிறதாம். அக்கா முதலில் கூப்பிட்டபோதே போயிருந்தால், அம்மாவின் வரிசை அங்கே நின்றிருக்கும்.