கை நடுக்கத்துக்கு ஒரு கேமரா

2023 நவம்பர் 22, புதன்கிழமை, காலை பத்து இருபது. முந்தின இரவு பெய்த மழை விட்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை. எங்கள் ஊரில் ராஜபாளையம் சாலையின் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அந்த நேரத்தில் நான் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மிரர்லெஸ் வகை. பழைய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கும். இவற்றில் அது கிடையாது. அதனால் உடம்பு சிறிது, எடை குறைவு.

ஸ்டுடியோக்காரர் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவர். இரண்டு கேமராவும் அவருடையவை. எந்த வகை எனக்குச் சரிப்படும் என்று பார்க்கத்தான் கையில் கொடுத்தார். பார்த்து முடித்துத் திருநெல்வேலியில் புதிதாக வாங்கிக்கொள்வது என்பது என் திட்டம்.

வாங்கவேண்டிய அவசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. ஒரு அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, படங்களை எடுத்து இணையத்தில் விற்கும் ஒரு ஏஜென்சிக்கு அனுப்பிவருகிறேன். ஸ்டாக் போட்டோகிராபி என்பார்கள். எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் தம் கட்டுரைக்கோ விளம்பரத்துக்கோ அந்தப் படத்தைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். அதில் இருபது, இருபத்தைந்து ரூபாய் எனக்கு வரும். என் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு அங்கே இருக்கின்றன. அவற்றில் அதிகம் போனது குருவிகுளம் பக்கத்தில் வெடித்துக் கிடந்த கரிசல் மண், முப்பத்தெட்டு முறை. அடுத்தது பூ மார்க்கெட்டில் சாக்கிலிருந்து மல்லிகையைக் கொட்டும் படம். எங்கள் ஊர்க் கோபுரத்தை இருபத்தாறு விதமாக அனுப்பினேன். இரண்டு முறைதான் போயிற்று. கோபுரம் உலகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. திருநெல்வேலி டாக்டர் பரிசோதித்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, வயதுதான் என்று சொல்லிப் பாதி மாத்திரை எழுதிக்கொடுத்தார். எனக்குப் பயமில்லை. ஆனால் கடந்த எட்டு மாதத்தில் நான் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் கூர்மை போதவில்லை என்று திரும்பி வந்துவிட்டன. பழைய கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றே முக்கால் கிலோ. தூக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது.

டிசம்பரில் நானும் என் மனைவியும் காசிக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்திருந்தோம். ஒரு சின்னக் கேமராவுடன் போவது, அந்தப் படங்களும் திரும்பி வந்தால் இதோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்தேன். தீர்மானத்தை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிடித்த காயோ பழமோ ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்புறம் அதைத் தொடுவதில்லை.

“நல்லதாப் போச்சு. நான் கத்திரிக்காயை விடுதேன். நீங்க கேமராவை விட்டுட்டு வாங்க. திரும்பி வரையில பையும் லேசா இருக்கும்” என்றாள்.

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு அது நாலு நாள் காதில் கிடந்தது.

ஸ்டுடியோவில் இருந்த முதல் கேமரா சட்டைப் பைக்குள் போய்விடும் போல இருந்தது. ஆனால் அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை. கைகளை முன்னால் நீட்டிப் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கவேண்டும். இரண்டாவது கொஞ்சம் தடிமன். துவாரம் இருந்தது. அதோடு, கை அசைந்தால் உள்ளே படம் விழும் தகடான சென்சாரும் எதிர்ப்பக்கம் அசைந்து ஈடுகட்டும் ஏற்பாடு இருந்தது. மெகாபிக்ஸல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏஜென்சி கேட்பதைவிட இரண்டிலுமே அதிகம்.

எடையைக் கேமராவோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அது பேட்டரியும் படங்கள் பதியும் கார்டும் இல்லாத எடை. அவை இல்லாமல் யார் படம் எடுக்கிறார்கள்? பக்கத்துப் பூக்கடையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பூக்கடைக்காரி தட்டில் கிடந்த பிச்சிப்பூவை அள்ளி வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

“இது முழக்கணக்கா, கிலோக்கணக்கா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

முதலாவது 462 கிராம். இரண்டாவது 655. வித்தியாசம் 193 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டிலும் குறைவு. அந்த எடைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கவேண்டும். ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு எதிர்ச் சாரியில் இருந்த சைக்கிள் கடைப் பலகையை, நடுக்கம் படத்தில் தெரியும்படி வேண்டுமென்றே ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் இருபது படம் எடுத்தேன். முதலாவதில் எழுத்துக் கூர்மையாக விழுந்தவை ஆறு. இரண்டாவதில் பதினைந்து. சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து, பலகையில் ஏதும் தப்பாக எழுதியிருக்கிறதா என்று மேலே பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டுடியோக்காரர் பொறுமைசாலி. ஆனாலும் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

“பொண்ணு பாக்கப் போறவுககூட இவ்வளவு பாக்க மாட்டாக அண்ணாச்சி. தடியா இருக்கதையே எடுங்க. ஒங்க கைக்கு அதான்” என்றார்.

‘ஒங்க கைக்கு’ என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கும் அதையேதான் சொன்னது. வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குப் போய் அந்த வகையையே வாங்கினேன். கூட ஒரு பேட்டரியும் ஒரு கார்டும். கடைக்காரர் லென்ஸைக் கழற்றி மாட்டக் காட்டித்தந்தார். நான் பதினான்கு வருடமாகக் கழற்றி மாட்டுகிறவன் என்பதால் சரியாகக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டில் பூஜை. எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் மோட்டார் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைத் தொடமுடியாது. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. என் கவலை லென்ஸைப் பற்றியது. குங்குமம் கண்ணாடியில் பட்டால் அதன் மேல்பூச்சு கெடும். திரையிலும் படக்கூடாது. அதனால் லென்ஸைக் கழற்றி, முன்னும் பின்னும் மூடி போட்டு, பீரோவுக்குள் வைத்தேன். கேமரா உடம்பைத் திரை கீழே இருக்கும்படி, ஒரு பித்தளைத் தட்டில் மல்லாத்தி வைத்தேன். பழைய கேமராவுக்குப் பதினொரு ஆயுதபூஜையும் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. மனைவி முன்பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம் தொட்டு, அதன்மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தாள். சூடம் காட்டும்வரை மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். சூடம் அணைந்ததும் போட்டோம். அரைமணி நேரம் கழித்துப் பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, லென்ஸை மாட்டினேன்.

அடுத்த இரண்டு வாரமும் வீட்டுக்குள்ளேயே எடுத்துப் பழகினேன். டம்ளர், வெற்றிலைச் செல்லம், மனைவி அரிந்துபோட்ட வெங்காயம். எல்லாம் நன்றாக வந்தன. காப்பி டம்ளர் நடுங்கியபோதும் படம் நடுங்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்தது.

காசியில் ஐந்து நாள் இருந்தோம். கங்கையை எல்லாரும் எடுக்கிறார்கள். நான் படகுகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளையும், மூங்கில் குடைகளையும், படிக்கட்டில் துணி காயப்போட்டிருப்பதையும் எடுத்தேன். பாத்திரக் கடை ஒன்றின் உள்ளே, சொம்புகளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தேன். காலைப் பனி விலகினதும் ஆற்றுக்கு அக்கரையில் வெறும் மணலும் வானமும்தான். அதை வெகுநேரம் எடுத்தேன், அந்த மாதிரி வெற்றிடத்தில் எழுத்துப் பதிக்க வசதி என்று விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மனைவி சொன்னபடி கத்திரிக்காயை விட்டாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் சீத்தாப்பழத்தை விட்டேன்.

ஊருக்கு வந்து, தேர்ந்தெடுத்து, அறுபத்து நாலு படம் அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மூன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அறுபத்தொன்றைத் திருப்பிவிட்டார்கள். காரணம் என்று ஒரே வரி: தொழில்நுட்பக் குறை.

அந்த வரிக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. மேசைமேல் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் முதலில் ஆடியது, பிறகு மற்றவை. பதினைந்து ஆறு என்று கணக்குப் போட்டு வாங்கின கேமராவையும் இந்தக் கை ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெரிய துக்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலை முடிந்துவிட்டது. இனி காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை யோசிக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து, கேமராவைக் கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிடுகிறேன், வேண்டுமா என்று கேட்டேன். நாளை கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார் அவர். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் வெளையாட்டுக்குத்தான சொன்னேன்” என்றாள்.

அவள் சொன்னதற்காக இல்லை என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கேமராவைக் கொடுக்குமுன் கார்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. எதையும் பார்க்காமல் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அறுபத்தொன்றையும் கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். முதல் படத்தில் படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஹிந்தி எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெயின்ட் உரிந்த ஓரம்கூடத் தெரிந்தது. கை ஆடிய படத்தில் அது தெரியாது. ஆனால் மேலே வானத்தில், இடது மூலையில், மங்கலாக ஒரு புள்ளி இருந்தது. பறவை என்று நினைத்தேன். அடுத்த படம் மணல்திட்டு. அதே இடத்தில் அதே பறவை. மூன்றாவது, துணி காயும் படிக்கட்டு. பறவை அங்கேயே நின்றது.

புள்ளிகள் மொத்தம் ஏழு. மூன்று இடது மூலையில், ஒன்று நடுவில், மற்றவை வலது ஓரத்தில். எல்லாப் படத்திலும் அவை இடம் மாறவில்லை. கை நடுங்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடுங்கும். அறுபத்தொரு முறை ஒரே இடத்தில் ஏழு புள்ளி வைக்காது.

லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இந்த வகையில் கண்ணாடி இல்லை என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கண்ணாடி இல்லையென்றால், லென்ஸைக் கழற்றினதும் சென்சார் வெட்டவெளியில் கிடக்கும் என்பது அதற்கு அடுத்த வரி. அந்த வரிக்கு நான் போகவில்லை. சென்சாரின் மேல் பொடிப்பொடியாகச் சிவப்பு இருந்தது. வீட்டுக்குள் லென்ஸின் துவாரத்தை அகலமாக வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் இந்தப் பொடி படத்தில் விழாது. வெயிலில் அந்தத் துவாரத்தைச் சுருக்கி வானத்தை எடுக்கும்போதுதான் விழும். சொம்புப் படம் தேறியதும் வெங்காயம் நன்றாக வந்ததும் அதனால்தான்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“எங் குங்குமம்தான்” என்றாள். “ஆனா எம் மேல பழி போடாதீய. லென்ஸக் கழத்தி வாயப் பொளந்து வச்சது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப கைக்கு ஒண்ணுமில்ல?”

“இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா இந்தப் படத்துல இல்ல.”

அவள் போய் ஸ்டுடியோக்காரருக்குத் தானே போன் செய்து, கேமரா விற்பதற்கு இல்லை என்று சொன்னாள். அவர் என்ன சொன்னாரோ, இவள் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மின்விசிறிக் காற்றில் உள்ளே விழுந்த குங்குமம் சந்தன ஈரத்தோடு ஒட்டியிருந்ததால் ஊதினால் போகவில்லை. நானே துடைக்கப் பயம். அந்த வேலைக்கு என் கையை நம்ப நான் தயாரில்லை. மதுரையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். உள்ளே வாங்கிப் பார்த்தவர், ஆயுதபூஜை முடிந்த வாரத்தில் இது மாதிரி நாலைந்து வரும், டிசம்பரில் நீங்கள்தான் முதல் ஆள் என்றார். ஒரு மணி நேரத்தில் துடைத்துக் கொடுத்துவிட்டார்.

காசிப் படங்களிலிருந்த புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்தேன். அறுபத்தொரு படம், படத்துக்கு ஏழு; ஒன்பது நாள் ஆயிற்று. மறுபடி அனுப்பினேன். நாற்பத்தெட்டை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் பதின்மூன்று, கூர்மை போதவில்லை என்று திரும்பின. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. அந்தப் பதின்மூன்றும் என் கை. அனுப்பிய அறுபத்து நாலில் பதின்மூன்று என்றால் ஐந்தில் ஒன்று; அந்த விகிதத்தில் இன்னும் கொஞ்ச காலம் எடுக்கலாம் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பனவடலிசத்திரம் தாண்டி, காற்றாலைகளுக்குக் கீழே உளுந்து காயப்போட்டிருந்ததை எடுத்தேன்.

கேமரா, லென்ஸ், கூடுதல் பேட்டரி, கார்டு, மதுரையில் துடைத்த கூலி, போகவர பஸ், அங்கே சாப்பிட்ட ஒரு சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு தொண்ணூற்று ஆறாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.