காலிக் குழாயில் காணாமல் போன இன்சுலின்

ரோசிலி வைப்பின் தீவிலிருந்து காலைப் படகில் வருவாள். கொச்சியிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக ஒப்பந்த உதவியாளர். அதற்கு முன் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. பிடிவாதக்காரி, எனக்கே பல நாள் எரிச்சலூட்டியிருக்கிறாள்.

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, அவற்றுள் இன்சுலினை ஏற்றுவதுதான் எங்கள் வேலை. வயிற்று அமிலத்தில் சிதையாமல் அது உள்ளே போய்ச் சேர்ந்தால் ஊசி வேண்டியதில்லை. எவ்வளவு ஏறியது என்பதைக் கழித்துத்தான் அறிவோம். துகள்களைச் சுழற்றி அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரில் மிஞ்சிய இன்சுலினை அளப்போம். மிஞ்சியது ஆறு சதவீதம் என்றால், துகளுக்குள் தொண்ணூற்று நான்கு. அந்த எண்ணால் ஆய்வுக்கூடத் தலைவர் மேனன் சாருக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் அந்த மருந்தைக் கொடுத்த சோதனை எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை.

ஒரு புதன்கிழமை ரோசிலி, துகளே போடாமல் வெறும் இன்சுலின் கரைசலைப் பிளாஸ்டிக் சோதனைக் குழாயில் ஊற்றிச் சுழற்றினாள். நாற்பத்து மூன்று சதவீதத்தைக் காணவில்லை. மூன்று முறை செய்தும் அதே கதை.

"பிளாஸ்டிக்குல ஒட்டிக்குது சார். அதையும் துகளுக்குள்ள போனதா கணக்குப் போடறோம். இறால் வாளியக் கழுவினவளுக்குத் தெரியும்."

"குழாய் கழுவத்தான் உன்ன வச்சிருக்கேன். கணக்குப் போட இல்ல," என்றார் மேனன்.

"கழுவறவதான் சார் ஒட்டினதப் பாப்பா."

ஆராய்ச்சி மாணவி ஷஹனா தவித்தாள். "சேச்சி, தொண்ணூத்தி நாலு போச்சுன்னா என் தீசிஸும் போச்சு."

"எலிக்கு உன் தீசிஸ் தெரியாது, மோளே. அதுக்குப் போனது பாதி மருந்து."

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்து வேண்டும்: செய்தவர், பார்த்தவர். புதிதாகச் செய்த துகள்களுக்கான பக்கத்தில் ஷஹனா தொண்ணூற்று நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள்; பார்த்தவர் இடம் காலி. மேனன் அதையும் ரோசிலியின் ஒப்பந்தத் தாளையும் ஒன்றாக நீட்டினார்.

"நீ இதுல போடு. நான் அதுல போடறேன். முப்பத்தொண்ணாம் தேதியோட உனக்கு முடியுது, ஞாபகம் இருக்கா?"

ரோசிலி ஒப்பந்தத் தாளைத் திருப்பித் தள்ளினாள். குறிப்பேட்டை வாங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டி, காலிக் குழாயின் மூன்று அளவுகளையும் நீல மையில் எழுதிக் கையெழுத்திட்டாள். எண்ணிட்ட பக்கம், கிழித்தால் தெரிந்துவிடும்.

"பாத்தவங்க இல்லாம இது செல்லாது," என்றார் அவர்.

"அப்ப நில்லுங்க. இப்பவே பாக்கலாம்."

எல்லோர் முன்னும் செய்தாள். நீரில் இருப்பது ஐம்பத்தெட்டு சதவீதம் என்று இயந்திரம் காட்டியது. மிச்சம் குழாய்ச் சுவரில். மேனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ஷஹனா பேனாவை எடுத்து, ரோசிலியின் பக்கத்தில் பார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை ரோசிலி சோற்றுப் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மேனனின் வாசலில் நின்றாள்.

"வரேன் சார். நாளைலேந்து குழாய நீங்களே கழுவணும். நல்லா அலசுங்க, மருந்து அங்கதான் இருக்கு."