கோமதி இறக்கிய ஐந்தருவி

ஐந்தருவிச் சாலையில் இருக்கும் என் விடுதியில் அன்று வெந்நீர் வரவில்லை. மூன்று மாடியும் சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே என் மனைவி, காதிலிருந்து ஃபோனை எடுக்காமலே வந்து நின்றாள். "நம்ம கோமதி போயிட்டாளாம்" என்றாள். அதன்பின் வெந்நீர் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

கோமதி அம்மையார் என் அக்காவின் மகள். தென்காசியில், தம் வீட்டு மாடியில் உட்கார்ந்து இணையப் பக்கங்கள் கட்டியவர். மருமகளை 'அம்மையார்' என்று எழுதுகிறேனே, இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தென்காசிக் கோபுரத்தைவிட உயர்ந்தவர் என்றும் எழுத இருந்தேன். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு என்பது ஊருக்கே தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

என் விடுதிக்கு முதலில் வெளியூர்க்காரர் ஒருவர் செய்துகொடுத்த பக்கம் இருந்தது. திறந்தால் ஐந்தருவியும் ஐந்து கடலாக விழும், பின்னால் நாகசுரம், சுற்றிலும் தங்க எழுத்து. தேவேந்திரன் கண்ணில் பட்டால் இந்திரலோகத்தைப் பூட்டிவிட்டு இங்கே அறை எடுப்பான் என்று நம்பினேன். ஆனால் சீசனில் அக்கம்பக்கத்து விடுதிகள் நிரம்பி வழிய, என் விடுதியில் குரங்குகள் மட்டுமே தங்கின. இன்னொரு சீசன் இப்படிப் போனால் பூட்டுப் போட வேண்டியதுதான்.

கோமதி அம்மையார் என்னை அருவிக்கரைக்கு அழைத்துப் போனார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. திரை கீறிய பழைய ஃபோன் ஒன்றை என் ஈரக் கையில் கொடுத்து, "உங்க லாட்ஜத் திறங்க மாமா" என்றார். திரையில் வட்டம் சுற்றியது. ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி தின்று முடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏட்டி, இன்னொரு தட்டு வாங்கு. அதுக்குள்ள வந்திரும்."

"குளிச்சிட்டு, வெடவெடன்னு பிள்ளைய இடுக்கிட்டு ரூம் தேடுதவன் பஜ்ஜி தின்னுட்டா நிப்பான்? இங்கன சிக்னலே நூல் மாதிரி வருது. அதுல போயி யானைய இழுக்கச் சொல்லுதீங்களே மாமா!"

பழைய பக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். "மொதல்ல எழுத்து வரணும். பெறகு சிஎஸ்எஸ் வந்து நிறம் பூசட்டும். கடைசியில ஜாவாஸ்கிரிப்ட் வந்து ஆட்டம் காட்டட்டும். ஆட்டம் வராட்டாலும், நிறம் வராட்டாலும், உங்க நம்பர் வந்திரணும்" என்றார். பொத்தான்களை ஈரக் கட்டைவிரலுக்குத் தோதான அகலத்தில் வைத்தார். வாளியில் கையை முக்கி முக்கித் தொட்டுப் பார்த்தார். அடுத்த சீசனில் குரங்குகளைக் காலி செய்யச் சொல்லும்படி ஆயிற்று.

எனக்கு ஒரே குறை, புதுப் பக்கத்தில் அருவி இல்லை. ஆண்டுதோறும் கேட்டேன். "சவத்த விடுங்க மாமா, அதான் வெளிய விழுதுல்லா" என்பார்.

சென்ற சீசனில் சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் விழுந்தார். லேப்டாப்பை மட்டும் விடவில்லை. ஒருநாள் கூப்பிட்டார். "மாமா, உங்க அருவி வந்துட்டு, பாருங்க."

பார்த்தேன். படமில்லை, வீடியோ இல்லை. சிஎஸ்எஸ்ஸிலேயே வரைந்த ஐந்து வெள்ளைக் கோடுகள், எழுத்தெல்லாம் வந்து சேர்ந்த பிறகு நெளிந்து நெளிந்து இறங்கின. சத்தியமாகச் சொல்கிறேன், என் சட்டை நனைந்துவிட்டது.

மனைவியின் ஃபோனில் மட்டும் அருவி அசையாமல் நின்றது.

"ஏட்டி, உங்க அத்தைக்கு மட்டும் தண்ணிய நிறுத்திட்டியே?"

"அத்தைக்கு அசையுதத பார்த்தா தலை சுத்தும்லா. அவங்க ஃபோன்ல அசைவு வேண்டாம்னு அப்பமே போட்டு வச்சிருக்கேன். பக்கம் அதப் பார்த்துக்கிடும். உங்களுக்கு விழும், அத்தைக்கு நிக்கும்."

மூச்சு வாங்கியபடிதான் இதைச் சொன்னார்.

தென்காசியில் காரியம் எல்லாம் முடித்துத் திரும்பி, விடுதி முகப்பில் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். இருவருமே அந்தப் பக்கத்தைத் திறந்தோம். சிக்னல் நூலாகத்தான் வந்தது. முதலில் எழுத்து. பிறகு நிறம். என் ஃபோனில் அருவி விழுந்தது.

"எனக்கு நின்னுட்டு" என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

"நிக்கட்டும். அவ உனக்காக நிறுத்தி வச்சது."

கோமதி அம்மையார் அவர்களே, இதற்குமேல் மரியாதைப் பன்மை வரமாட்டேன் என்கிறது. போயிட்டு வாட்டி. மாமாவுக்குத் தண்ணி விழுது.