ஒத்திகைக் கவர்னர்

"…அதுக்கு அந்த ஒத்திகைக் கவர்னரே தேவலைங்க மைக்கண்ணா. அவராச்சும் கேட்டாரு, பையனுக்கு அங்க என்ன சோறு போடறாங்கன்னு."

இதைச் சொன்ன அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடுப்பில் ஜவ்வரிசி வடாம் அடுக்கிய தாம்பாளம். அடுக்கு கலையவில்லை. மேலே இருந்த ஒரு வடாம் மட்டும் ஓரத்தில் கடிபட்டிருந்தது. அதைக் கடித்த கவர்னர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். மறித்து வைத்திருந்த டவுன் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மைக் செட் வாடகைக்கு விடுவது என் பிழைப்பு. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டுவது நான்தான். சேலத்தில் மாதா கோயில் தேருக்கும் போவேன். சொந்தப் பேர் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் என் வீட்டில்கூடக் குறைவு. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து ஜனங்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மேடையில் பேசுகிறவர்கள் பேச்சில் எனக்கு ருசி விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. மைக்குக்கு எட்டாத தூரத்தில் நின்று பேசுகிறார்களே, அதுதான் பேச்சு.

கவர்னர் ஊர் ஊராக வந்து ஜனங்களோடு கலந்து பேசப்போகிறார், நம்மூரில் மகளிர் குழு வடாம் போடுகிற இடத்துக்கும் வருகிறார் என்று சேதி வந்ததும் ஊருக்கே உடம்பு தேறிவிட்டது. குழி குழியாகக் கிடந்த ரோட்டுக்குத் தார் வந்தது. டீக்கடைக்காரர் சொன்னார், "இது ரோடு இல்லீங்க, மாப்பிள்ளை வர்றப்ப விரிக்கற பந்திப்பாய். அவரு எந்திரிச்சதும் சுருட்டிருவாங்க பாருங்க." ரோட்டோரக் கற்களுக்கு வெள்ளை அடித்தார்கள். "கல்லுக்கெல்லாம் பல்லு வெளக்கி உட்டிருக்காங்க" என்றார் கடையில் உட்கார்ந்திருந்த இன்னொருவர். குழுக் கட்டடத்துக்குப் பின்னால் புதுசாக ஒரு கக்கூஸ் எழும்பியது. பளிங்கு போல வெள்ளை. கட்டி முடித்த கையோடு அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஒரு போலீஸ்காரர் பையில் வைத்துக்கொண்டார். வடாம் போடுகிற பெண்கள் எப்போதும் போலக் கரும்புக் காட்டுப் பக்கம் போய் வந்தார்கள். மோப்பம் பிடிக்க நாய் வந்தது. அது வந்த வண்டியில் ஏசி ஓடியது. "நாய் நோகாம வருது பாரு. எங்கூட்டுக்காரரு ரிக்கு வண்டி மேல கம்பியோட கம்பியாப் படுத்துட்டுப் போறாரு" என்றாள் ஒருத்தி.

எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்துவிடுகிற ஊர்தான் எங்களுடையது. அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் இந்த அம்மா.

அவருக்கு ஒரே பையன். எங்கள் பக்கத்தில் படிப்பு ஏறாத பையன்கள் ரிக் ஏறுவார்கள். தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டியோடு வடக்கே போனால் மாசக் கணக்கில் அங்கேதான். வண்டி அடியிலேயே படுக்கை, வண்டி ஓரத்திலேயே அடுப்பு. இவருடைய பையனும் அப்படி ஹெல்பராகப் போனான். சோறாக்கும் வேலையும் அவனுடையது. ஏதோ ஒரு ஊரில் போர் போட்டு முடித்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அந்த ஊர்க்காரர் ஒருவர் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனார். கூட்டம் கத்திக்கொண்டு வந்தது. டிரைவர் ஓடினார். மேனேஜர் ஓடினார். மற்ற பையன்களும் சோளக்காட்டுக்குள் புகுந்து ஓடினார்கள். இவன் மட்டும் நின்றான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தானாம், தப்பி வந்த பையன்கள் சொன்னார்கள்.

பிடித்துக்கொண்டார்கள். வண்டியை ஓட்டியவனே இவன்தான் என்று கேஸாகிவிட்டது. வண்டி ஓனர் முதலில் "வக்கீல் வெச்சாச்சு, வந்துருவான்" என்றார். அப்புறம் "பாக்கலாம்" என்றார். அப்புறம் போனை எடுப்பதில்லை. ஜெயிலிலிருந்து ஒரே ஒரு தடவை பையன் பேசினான். "அம்மா, இங்க ரொட்டிதாம்மா போடறாங்க. இவங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றான். அதோடு லைன் அறுந்துவிட்டது. அந்த அம்மா எழுதிக் கொடுக்காத ஆபீஸ் இல்லை. "பொறுங்க" என்று எல்லா இடத்திலும் ஒரே சொல்.

கவர்னர் வருகிறார் என்றதும் அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியது. கவர்னர் வடக்கத்திக்காரர். பையனுக்குப் புரியாத பாஷை இவருக்குத் தாய்ப்பாஷை. பையன் இருக்கிற இடத்திலும் ஒரு கவர்னர் இருப்பார்தானே?

"ஒறம்பர, சொந்தக்காரங்க மாதிரிதானுங்க அவுங்களுக்குள்ள? ஒரு கவர்னரு போன் போட்டா இன்னொரு கவர்னரு எடுக்காம இருப்பாருங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"எடுப்பாருங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கவர்னருக்கு வடாம் தட்டை நீட்டி இரண்டு வார்த்தை பேச ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, அதுவரை எதற்கும் முன்னால் வந்து நிற்காத அந்த அம்மா, நான் பேசுகிறேன் என்று கை தூக்கினார்.

கவர்னர் வருவதற்கு முந்தாநாள் ஒத்திகை வைத்தார்கள். எனக்கு அது புதுசு. எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு மைக் கட்டியிருக்கிறேன், ஆனால் ஒரு ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர் வந்து போவதைப் பார்த்தது அன்றைக்குத்தான். தாசில்தார் அம்மா கையில் கடிகாரத்தோடு நின்றார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பாவம், பல நாள் தூங்காத கண். யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளைத் துண்டு போர்த்திய பெரிய நாற்காலி. அதில் கவர்னராக உட்கார ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் ஊர்த் தலையாரி நல்ல உயரம். தலை பூராவும் நரை, அளவான தொப்பை. கிராம ஆபீசில் ஓடி ஓடி வேலை பார்க்கிறவர் என்றாலும் சட்டையை மாற்றினால் கவர்னரேதான். அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லாச் சாஞ்சு உக்காருங்க கவர்னரே. பின்னால ஆணி ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் கத்தினார்.

"ஐயா கவர்னரய்யா, எங்க ஊட்டுப் பட்டா என்னாச்சுங்க? ரண்டு வருசமா உங்க தலையாரி வாரேன் வாரேன்னுட்டு வரவே மாட்டேங்கறாருங்க!"

"அந்தத் தலையாரிய வேலைய விட்டே தூக்கிப்போட்டேன், போ" என்றார் அவர். பந்தலே அதிர்ந்தது. தாசில்தார் அம்மாவும் சிரித்துவிட்டார்.

அப்புறம் இந்த அம்மாவின் முறை. தாம்பாளத்தோடு வட்டத்துக்குள் வந்து நின்றார். சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார்: "ஐயா வணக்கம். நாங்க ஜவ்வரிசி வடாம் போட்டு விக்கறோமுங்க. அரசாங்கத்தால நாங்க நல்லா இருக்கறோமுங்க." அதோடு தட்டை நீட்டிவிட்டு நகர வேண்டும். அவர் நகரவில்லை.

"ஐயா, என்ற பையன் வடக்க செயில்ல இருக்கறானுங்க. அவன் வண்டி ஓட்டலீங்க. அவனுக்கு ஓட்டவே தெரியாதுங்க. சோத்த எறக்கி வெக்கலாம்னு நின்னவனுங்க…"

சிரித்துக்கொண்டிருந்த பந்தல் அடங்கிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தலையாரிக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒத்திகை என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. முன்னால் குனிந்து கேட்டார்: "எந்த ஊரு செயிலு அம்முணி?"

வாயில் நுழையாத அந்த ஊர்ப் பேரை அந்த அம்மா தடங்கலில்லாமல் சொன்னார்.

"என்ன சோறு போடறாங்களாமா?"

"ரொட்டிதானாமுங்க. அவனுக்குச் சோறில்லாம ஆகாதுங்க. சின்ன வயசுலருந்தே…"

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று தாசில்தார் அம்மா நடுவில் வந்தார். கோபம் இல்லை, பயம். "அம்மா, இதெல்லாம் அவர்கிட்ட சொல்லக் கூடாதும்மா. அவர் வந்து பார்க்கிறவர். செய்யிறவர் இல்ல."

"பாக்கறவரே போதுமுங்க மேடம். பாத்தேன்னு அவரு அங்க ஒரு வார்த்தை சொன்னாலே போதுமுங்க."

"நீங்க இப்படிப் பேசினா உங்களை மாத்திட்டு வேற ஆளைத்தான் நிக்க வைக்கணும்."

அந்த அம்மா தாம்பாளத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "இல்லீங்க மேடம், சொன்னபடியே சொல்றேனுங்க" என்றார். மறுபடி ஒத்திகை. இந்தத் தடவை வணக்கம், வடாம், நல்லா இருக்கறோமுங்க, முடிந்தது. தாசில்தார் அம்மா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். தலையாரி நாற்காலியில் சாய்ந்தார். ஒலிபெருக்கிப் பெட்டி பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதனால் நான் மட்டும் பார்த்தேன்.

நிஜக் கவர்னர் காலையில் மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். அங்கேயே நேரமாகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் வரவில்லை. காலையிலிருந்து பட்டுச்சேலை கட்டி நின்ற பெண்களுக்குத் தண்ணீர் குடிக்கப் பயம். குடித்தால் போக வேண்டுமே, கரும்புக் காட்டுப் பக்கம் இன்றைக்குப் போலீஸ் நிற்கிறதே. பூட்டிய வெள்ளைக் கக்கூஸ் பின்னால் பளபளவென்று நின்றது.

"விருந்துக்கு வர்ற நல்ல ஒறம்பர. ஊட்டுக்காரங்க பட்டினி கெடக்கோணும், அவரு வந்து கடிச்சுட்டுப் போவாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வந்தார். பூரண கும்பம், மாலை, சால்வை எல்லாம் தள்ளுமுள்ளில் நடந்தது. அவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்ததுமே, நேரமில்லை என்று பாதிப் பேச்சை வெட்டிவிட்டார்கள். வடாம் தட்டுக்கு மட்டும் படம் பிடிக்க வேண்டும் என்பதால் எழுந்து வந்து நின்றார். தாசில்தார் அம்மா மைக்கை எடுத்து அந்த அம்மா வாயருகே பிடித்தார். சட்டென்று இழுத்துக்கொள்ளத் தயாராகத்தான் பிடித்திருந்தார், என்ன பேசிவிடுவாரோ என்று.

ஆனால் கவர்னர் முந்திக்கொண்டார். நம் பாஷையில் ஒரு வரி கற்று வைத்திருந்தார். அதை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தார்: "வணக்கம் அம்மா. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?"

ஜனங்கள் கை தட்டினார்கள். நம் பாஷை பேசிவிட்டாரே.

கேட்டாரே என்று அந்த அம்மாவும் பதில் சொன்னார். ஒத்திகையில் இல்லாத கேள்வி அது.

"இல்லைங்க" என்றார்.

என் குழாய்கள் வழியாக அந்த ஒரு சொல் ஊர் பூராவும் கேட்டது. ரோட்டுக்கு அப்பால் மறித்து வைத்திருந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கவர்னர் முகம் மலர்ந்தது. "மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி" என்றார். ஒரு வடாமை எடுத்து ஓரத்தைக் கடித்தார், மறுபடி தட்டிலேயே வைத்தார். கூடவே மொழிபெயர்க்க வந்தவர் ஓரடி பின்னால்தான் நின்றார். அவருக்கு நம் பாஷை நன்றாகத் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.

"என்ற பையன்…" என்று அந்த அம்மா ஆரம்பிக்கும்போது மைக் வாயருகிலிருந்து விலகிவிட்டது. மேடை ஓரத்திலிருந்து எனக்குக் கை காட்டினார்கள். தேசிய கீதம் போட வேண்டும். போட்டேன். எல்லாரும் விறைத்து நின்றோம். அந்த அம்மாவும் வட்டத்துக்குள் தாம்பாளத்தோடு, சொல்ல வந்ததை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஆசை தீரப் பார்த்துக்கொள் என்பது போலக் கவர்னர் எதிரிலேயே நின்றார், பாட்டு முடிகிறவரை. முடிந்ததும் சபாரி போட்ட பாதுகாப்புக்காரர்கள் அவரைச் சுற்றி மூடிக்கொண்டார்கள். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தாசில்தார் அம்மா ஜீப்பில் ஏறும்போது, "நல்லாப் பண்ணீங்கம்மா" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம்தான் அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, ஒத்திகைக் கவர்னரே தேவலை என்று என்னிடம் சொன்னது. சொல்லும்போது தலையாரியும் பக்கத்தில்தான் இருந்தார். நாற்காலிகளில் போர்த்திய வெள்ளைத் துண்டுகளை உருவி எடுப்பது அவர் வேலை. காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

"அம்முணி, என்னைய உட்டுரு. நான் சும்மா உக்காந்தவன்."

"அவரும் சும்மாதானுங்க உக்காந்தாரு."

"எனக்கு அங்க யாரைத் தெரியும் சொல்லு? நான் போன் போட்டா மல்லசமுத்திரத்துலயே எடுக்க மாட்டாங்க."

"நீங்க ஆருக்கும் போன் போட வேண்டாமுங்க. முந்தாநேத்துப் பாதியில நிறுத்திப்போட்டாங்க. மீதியச் சித்தெ கேளுங்க, போதும்."

தலையாரி என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன். பந்தல்காரர்கள் ஒரு பக்கத்துத் துணியை அவிழ்த்துவிட்டிருந்ததால் வெயில் பாதி மேடை வரை வந்துவிட்டது. அந்த அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். பெரிய நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, உருவிய துண்டைத் தலையாரி கையிலிருந்து வாங்கி அதன்மேல் மறுபடி விரித்தார். அவர் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு பலர் மிதித்து அழிந்துபோயிருந்த சுண்ணாம்பு வட்டத்தைத் தேடிப் போய் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையன் ரிக் ஏறிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.