எம்.பி.யைக் கேட்டு வாங்கியவள்

மகுரீத்தாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வாயை மூடிக்கொண்டு கொப்பரைக்குத் தேங்காய் உடைப்பாள். உடைக்கிற வேகத்தைப் பார்த்தே இன்றைக்கு யார் மேல் கோபம் என்று அவள் புருஷன் இயோபி கண்டுபிடித்துவிடுவான். போன வருஷம் முழுக்க ஒரே ஆள் மேல்தான்: எம்.பி. கமோரிகி.

அரசாங்கம் ஊருக்கு ஒரு பம்பு கொடுத்திருந்தது. தீவின் நடுவிலிருந்து நல்ல தண்ணீரை இழுத்துத் தொட்டியில் ஏற்றும். வெயிலில் ஓடுகிற பம்பு, மேலே இரண்டு சோலார் தகடு. கமோரிகி ஒருமுறை வந்து, மனேயாபா என்கிற ஊர்க்கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "அந்தத் தகடு ரெண்டையும் புபூசி கேக்குறேன்" என்றான். புபூசி என்று சொல்லிக் கேட்டுவிட்டால் எங்களில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டோம். சொன்னவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. அதற்காக, கேட்கிறவனுக்கு ஒரு அளவு வேண்டாமா? தலைநகர் தராவாவில் தன் வீட்டு ஃப்ரீசர் ஓடுவதற்கு ஊர் குடிக்கிற தண்ணீரைக் கழற்றிக்கொண்டு போனான், வெட்கங்கெட்டவன்.

பம்பு நின்றது. எல்லோரும் பழையபடி அழுக்கு ஊறுகிற கரையோரக் கிணற்றுக்குப் போனார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து, மகுரீத்தாவின் கடைக்குட்டி ரீனா வயிற்றுப்போக்கில் செத்துப்போனாள். அவள் உயிரோடு கிடந்த நாட்களில் கிளினிக் ரேடியோவில் நர்ஸ் மன்றாடியபோதெல்லாம் தராவாவிலிருந்து ஒரே பதில்தான்: சின்ன நாடு, கப்பல் இல்லை, காசு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடலில் அன்னியக் கப்பல்கள் அள்ளுகிற மீனுக்கு வரும் காசெல்லாம் எங்கே போகிறது என்று மகுரீத்தா கேட்கவில்லை. இல்லாதவர்களிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டாள். தகட்டைக் கொண்டுபோனவனைத்தான் மறக்கவில்லை.

இந்த வருஷம் அவன் மறுபடி வந்தான். கழுத்தில் பூமாலையோடு மனேயாபாவில் உட்கார்ந்து புதுப் படகுத்துறை, புது ரோடு என்று அளந்துகொண்டிருந்தான். பெண்கள் எழுந்து பேசுகிற இடமில்லை அது. மீன் தட்டைக் கீழே வைத்த மகுரீத்தா அப்படியே நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கணும்."

"தகடு விஷயமாம்மா? தராவா போனதும் அனுப்பிடுறேன். எங்க போயிடப் போகுது?"

"தகட்டை யாரு கேட்டா? உங்களைத்தான் புபூசி கேக்குறேன். தகடு வந்து சேர்ற வரைக்கும் எங்க வீட்ல இருங்க."

கூடமே சிரித்தது. கமோரிகியும் தொந்தி குலுங்கச் சிரித்தான். "இயோபி, உன் பொண்டாட்டி உன்னை வெரட்டிட்டு என்னை வச்சுக்கப் பாக்குறாடா!"

ஊர்ப் பெரியவர் பெனியாமினா மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும். நீ கேட்டப்ப நாங்க குடுத்தோம். இப்ப அவ கேட்டாச்சு. என்ன சொல்றே?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிரிப்பு நின்றிருந்தது. தேர்தல் வேறு வரப் போகிறது. "சரி" என்றான், வாய்க்குள்ளேயே. அவன் வந்த கப்பலுக்குப் படகில் போய் அவன் பையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போனது.

மகுரீத்தா குறை வைக்கவில்லை. நல்ல பாய், வறுத்த மீன், தேங்காய்ப்பால் ஊற்றிய கிழங்கு. தண்ணீர் மட்டும் வீட்டில் எல்லோரும் குடிப்பதுதான்.

"கொதிக்க வச்சதாம்மா?"

"வெறகு இருக்கிற அன்னிக்கு வைப்போங்க."

அந்த வாரம் முடிவதற்குள் அவனுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய் ரேடியோவைப் பிடுங்கிப் பேசினான். பேசினானா, அலறினான். அமைச்சரைக் கூப்பிட்டான், மச்சானைக் கூப்பிட்டான், கப்பல்காரனைக் கூப்பிட்டான். ரீனாவுக்காக நர்ஸ் தொண்டை கிழியக் கத்தியது இதே ரேடியோவில்தான்.

மறுநாள் காலையிலேயே கப்பல் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். பெட்டி பெட்டியாகக் குளுக்கோஸ் பாட்டில், மருந்து. அவன் வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய தகடுகளோடு, உறை பிரிக்காத புதுத் தகடுகளும் வந்தன. புதுப் பம்பு ஒன்று. அதை மாட்டுவதற்கு இரண்டு மெக்கானிக். கரையில் நின்ற ஜனம் கைதட்டிக் கூத்தாடியது. கமோரிகியைப் பாயோடு தூக்கிப் படகில் ஏற்றியதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இயோபி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். "ஜெயிச்சுட்டேடி! ஊரே உன் பேரைத்தான் சொல்லுது."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மணலில் அடுக்கியிருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் இருந்திருக்குடா அவனுங்ககிட்ட" என்றாள். அந்தக் கரையில் அவள் குரல் அத்தனை பெரிதாகக் கேட்டது அன்றைக்குத்தான். "ஒரே நாள்ல வர்ற தூரத்துல இருந்திருக்கு. ஒண்ணுமில்லாத நாடுன்னு நம்பி நான் எம்புள்ளையைப் புதைச்சேன்."