சோதனைச்சாவடியில் பிறந்த பன்றிக்குட்டிகள்

இரண்டாயிரமாம் ஆண்டு. ஃபிஜியில் இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைப்பிடித்து ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அப்போது நானும் என் கணவரும் நமாகாவுக்குப் பின்புறம், விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் ஒரு துண்டு நிலத்தில் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தோம்.

பன்றி என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்களும் சுளித்தார்கள். வருஷம் தவறாமல் விரதமிருந்து தீ மிதிக்கிற குடும்பம் எங்களுடையது. ஆனால் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சுற்றிலும் ஓட்டல்கள் இருந்தன. சமையலறையில் மிஞ்சுவதை டிரம்மில் அள்ளி வந்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் போட்டால் பன்றிகள் தளதளவென்று வளரும். வளர்ந்ததை அதே ஓட்டல்கள் வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் வரும்முன் குளித்துவிட்டு விளக்கேற்றுவேன். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆட்சி கவிழ்ந்ததும் எல்லாம் தலைகீழானது. நாட்டுக்குள் வரும் விமானத்தில் ஆள் இல்லை; வெளியே போகும் விமானத்தில் இடம் இல்லை. வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பினார்கள். ஓட்டல்காரர்கள் பாதி அறைகளைப் பூட்டினார்கள். எங்கள் டிரம் முதலில் அரைகுறையாக வந்தது, பிறகு காலியாகவே வந்தது. பசியில் பன்றிகள் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? காதைப் பொத்தினாலும் வயிற்றுக்குள் கேட்கும். கிடைத்த விலைக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டோம். மிஞ்சியது ஒரே ஒரு தாய்ப்பன்றி. பெரியவள் என்று கூப்பிடுவோம். குட்டிகளின் மேல் படுத்து நசுக்கிவிடாமல், பார்த்துப் பார்த்து உடம்பைச் சாய்க்கிற அருமையான தாய் அவள். அப்போது அவள் சினையாக இருந்தாள்.

கணவருடைய தம்பி ஏற்கெனவே ஆக்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வாரம் தவறாமல் போன் செய்து, நீங்களும் வந்துவிடுங்கள் என்பார். என் கணவருக்கும் மனம் அங்கே போய்விட்டது.

“இதையும் கசாப்புக்காரனுக்குக் குடுத்துட்டுக் கெளம்பலாம். இங்க நமக்கு இனிமே என்னா கெடக்கு?”

“வயித்துல குட்டிய வச்சிருக்கற சீவனை நான் வெட்டக் குடுக்கமாட்டேன். அது பெத்து, குட்டிங்க பால் மறக்கட்டும். அப்புறம் நீங்க சொல்ற எடத்துக்கு வர்றேன்” என்றேன்.

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. ரராவாய் கரும்பாலைக்குப் பின்னால் என் நாத்தனாருக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. அங்கே மரவள்ளிக்கிழங்குக்கும் ஆலையிலிருந்து வரும் கரும்புப்பாகுக்கும் பஞ்சமில்லை. கொட்டில் வீட்டுப் பக்கம் வராமல் தோட்டத்தின் கடைசியில் இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பெரியவளை அங்கே வைத்துக்கொள்ள நாத்தனார் சம்மதித்தார்.

கேரியர் என்கிற சின்ன லாரி ஒன்று இரவலாகக் கிடைத்தது. அன்றைக்கு விட்டால் மறுபடி கிடைக்காது. மதியத்துக்கு மேல் பெரியவளைப் பின்னால் ஏற்றி, காய்ந்த புல்லைப் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டினோம். நானும் பின்னால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இருட்டினால் ஊரடங்கு. அதற்குள் ரராவாய் போய்விட வேண்டும் என்று இவர் வண்டியை விரட்டினார்.

லவுத்தோக்கா தாண்டியபோதுதான் அவள் போக்கு சரியில்லை என்று தெரிந்தது. புல்லை வாயால் இழுத்து இழுத்துக் குவித்தாள். சுற்றிச் சுற்றி வந்து படுத்தாள். மூச்சு இரைத்தது. காம்பைத் தொட்டுப் பார்த்தேன், பால் கசிந்தது. முன்பக்கத் தகரத்தைத் தட்டி, “ஏங்க, இது இப்பவே குட்டி போட்டுரும் போல இருக்கு!” என்று கத்தினேன். பதிலுக்கு வண்டி நின்றது. நான் தட்டியதற்காக அல்ல. எதிரே ராணுவச் சோதனைச்சாவடி.

முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆட்களை இறக்கி, மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அதிகாரி ஒருவர் இவரைக் கீழே இறங்கச் சொல்லி, எங்கே போகிறாய், பின்னால் என்ன இருக்கிறது என்று அதட்டுவது கேட்டது. இவர் பதில் சொல்லச் சொல்ல, இங்கே முதல் குட்டி வழுக்கிக்கொண்டு என் மடியருகே வந்து விழுந்தது.

அப்போதுதான் தார்ப்பாயை விலக்கி ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வாசலை அடைக்கிற மாதிரி ஆகிருதி. என்னைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார்.

“வுவாக்கா!” என்று தன் மொழியில் பன்றியைச் சொல்லிக் கூவினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கு என்றார். குட்டி போட்டுக்கொண்டிருக்கிறவளை இறக்கினால் தாயும் போகும், குட்டிகளும் போகும். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முடியாது என்று தலையாட்டிவிட்டேன்.

அந்தச் சிப்பாய் அதிகாரியிடம் ஃபிஜி மொழியில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு துப்பாக்கியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். அவர் கனத்தில் வண்டியே ஒருபக்கம் சாய்ந்தது.

“தீதி, பயப்படாதீங்க. எங்க வீட்லயும் பன்னி உண்டு” என்றார் ஹிந்தியில். கரும்புக்காட்டுப் பக்கத்து ஃபிஜியர்கள் எங்களைப் போலவே ஹிந்தி பேசுவார்கள். தீதி என்றால் அக்கா. சீருடை போட்ட ஒருவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கழுத்திலிருந்த துண்டை எடுத்துக் குட்டியின் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியைத் துடைத்தார். தேய்த்துச் சூடாக்கித் தாயின் மடியில் கொண்டுபோய் விட்டார். அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒன்று அசையாமல் கிடந்தது. பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக மெதுவாக ஆட்டி, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் நம்பிக்கை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. கடைசியில் அது தும்மியது. வெளியே நின்ற சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் சிக்கல். பெரியவள் முக்கினாள், முக்கினாள், ஒன்றும் வரவில்லை. வயிற்றுக்குள் இன்னும் குட்டிகள் இருப்பது தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் என் கணவர்தான் கையை உள்ளே விட்டு எடுப்பார். இவரோ வெளியே அதிகாரி பக்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார். சிப்பாய் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முறம் மாதிரி கை.

“உங்க கைதான் போகும், தீதி.”

தண்ணீரும் சோப்பும் வரவழைத்தார். வளையல்களைக் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டேன். கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டு, மெதுவாகக் கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பில் இரண்டு சின்னக் குளம்புகள் தட்டுப்பட்டன. குட்டி குறுக்கே மாட்டியிருந்தது. “அவ முக்கும்போது மட்டும் இழுங்க, சும்மா இருக்கும்போது இழுக்காதீங்க” என்றபடி அவர் பெரியவளின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் முக்கினாள், நான் இழுத்தேன். வந்துவிட்டது. உயிரோடு வந்தது. அதற்குப் பின்னால் வழி திறந்த மாதிரி மற்றவை வரிசையாக வந்தன. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

காத்திருந்த நேரத்தில் அவர் பேச்சுக் கொடுத்தார். பா நகரத்துக்கு மேலே மலைக் கிராமம் அவருடையது. அப்பாவின் சாவுச் சடங்கு விருந்துக்கு வீட்டிலிருந்த பன்றிகள் எல்லாம் போய்விட்டனவாம். அம்மாவின் கொட்டில் அன்றிலிருந்து காலி.

“நீங்களும் நாட்டை விட்டுப் போறீங்களா?” என்று கேட்டார்.

போகலாம் என்றுதான் வீட்டில் பேச்சு என்றேன்.

“எல்லாரும் போயிட்டா அப்புறம் நாங்க யார்கூட ஹிந்தி பேசறது?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெட்டைக்குட்டி உங்கள் அம்மாவுக்கு, பால் மறந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். “செங்கா நா லெங்கா” என்றார், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று. ஆனாலும் கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். வரிசையாக மடியில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இனி வழியில் வேறு யாரும் இவர்களை நிறுத்தக்கூடாது என்று சொல்லி, ஒரு ஜீப்பை எங்களுக்கு முன்னால் போகச் சொன்னார். ஆக, எங்கள் பெரியவள் ராணுவ ஜீப் முன்செல்ல ரராவாய்க்குள் நுழைந்தாள். ஜீப்பைக் கண்ட நாத்தனார் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டுவிட்டார். வெளியே இவர் குரலைக் கேட்ட பிறகுதான் திறந்தார்.

குட்டிகள் பால் மறந்தன. கொடுத்த வாக்கை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. இவரே இருப்பதில் நல்ல பெட்டையைத் தேர்ந்தெடுத்து, குளிப்பாட்டிச் சாக்கில் வைத்தார். அவர்கள் முறைப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டும் வாங்கிக்கொண்டு மலையேறினோம். சிப்பாய் அங்கே இல்லை, தலைநகர் சுவாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆனால் பன்றி குட்டி போட்ட கதை எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தது. பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அவருடைய அம்மா குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் கையை விடவே இல்லை. அவருக்கு ஹிந்தி தெரியாது, எனக்கு ஃபிஜி மொழி தெரியாது. இருவரும் பன்றியைப் பற்றியே நெடுநேரம் பேசினோம்.

கிளம்பும்போது ஊர்க்காரர் ஒருவர் ஹிந்தியில் கேட்டார்: “இன்னும் குட்டி இருக்கா? எங்க வீட்ல கல்யாணம் வருது.”

அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணம், சாவு, தேவாலய விருந்து என்று அந்தக் கிராமமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் எங்களைத் தேடி வந்தன. ஓட்டல் இல்லாமலே பிழைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. போகவேண்டாம் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவெடுத்த நாள் என்று ஒன்று இல்லை. ஒருநாள் இவர் நாத்தனார் தோட்டத்திலேயே புதுக் கொட்டில் கட்டக் கம்பியும் பலகையும் வாங்கிவந்து இறக்கினார். அவ்வளவுதான். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தச் சிப்பாயே பன்றி வாங்க வந்தார். தொப்பை விழுந்திருந்தது. அம்மாவின் கொட்டிலில் இடமில்லாத அளவுக்குப் பன்றிகள், ஆனால் விருந்துக்கு அதில் ஒன்றை வெட்ட அம்மா விடமாட்டேன் என்கிறார் என்று புகார் சொன்னார்.

அந்த வருஷம் நம்மவர்களில் சிலர் பட்ட துன்பத்தை நான் மறக்கவில்லை. போனவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்; என் மகளே இப்போது பிரிஸ்பேனில்தான் இருக்கிறாள். சீருடையைக் கண்டால் இன்றும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. ஆனால் அதற்குள் இருப்பவரிடம் உங்களுக்கு எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டுவிடுகிற துணிச்சலும் அன்றிலிருந்து கூடவே வருகிறது.