சிலந்தி மருந்து அடித்த கொடிக்கால்

“ஆடி 12, காலை ஏழு மணி. மச்சான் தன் வெற்றிலைக் கொடிக்காலில் சிலந்தி மருந்து அடித்தார். கால் மணி நேரத்தில் புழுக்கள் நடுங்கிச் சுருண்டு விழுந்தன.”

என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். பரமத்தி வேலூரில் அந்த மருந்தை விற்றவர், அது சிலந்தி நஞ்சிலிருந்து செய்தது, பூச்சியின் நரம்பை மட்டுமே தாக்கும், மனிதரை ஒன்றும் செய்யாது என்றிருந்தார். அப்படி ஒன்று உண்டென்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் புழு அதைத் தின்று சாக ஓரிரு நாளாகும் என்றும் படித்திருந்தேன். புட்டியிலோ பழைய ரசாயனப் பூச்சிமருந்தின் நெடி அடித்தது. மறுநாள் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய இலை அது; வாங்குபவர்கள் பச்சையாக மெல்லுவார்கள்.

மாலையில் விற்றவரே பார்க்க வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிக்காலுக்குள் நுழைந்தவருக்கு, வழக்கப்படி மச்சான் ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தார்.

“போடுங்க. மனுசனுக்குத்தான் ஒண்ணும் ஆகாதுன்னீங்களே?”

“ஊட்டுக்குப் போயிப் போட்டுக்கறனுங்க” என்று அவர் இலையைச் சட்டைப்பையில் வைத்தார்.

“வாயெல்லாம் செவந்து கெடக்குது. எங்க எலைன்னா மட்டும் ஊட்டுக்குப் போகோணுமாக்கும்?”

அவர் சிரித்து மழுப்பினார். பறிப்பை நிறுத்திவிட்டோம். மிச்ச மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன்; முடிவு வரவில்லை. புட்டியில் இருந்தது சிலந்தி நஞ்சுதானா என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.